ஒரு பைசாவில் ஒரு ட்ரெண்ட்: கோலார் தங்கவயல் காப்பாற்றிய அயோத்திதாசர்

கேஜிஎஃப் என்று உங்கள் மொபைலில் தேடிப் பாருங்கள். முதலில் வருவது யஷ். அப்புறமும் யஷ். 2018லும் 2022லும் வெளியான இரண்டு படங்கள் அந்த மூன்று எழுத்துகளை மொத்தமாக எடுத்துக்கொண்டுவிட்டன. ஊரிகம் என்று ஒரு ஊர் அங்கே இருக்கிறது என்பது தெரிய நிறையவே ஸ்க்ரோல் பண்ண வேண்டும்.

பங்காருப்பேட்டையிலிருந்து ஒரு கிளை ரயில் பாதை பிரிகிறது. கோரமண்டல், ஊரிகம், சாம்பியன், கடைசியாக மாரிக்குப்பம். அத்தோடு பாதை முடிந்துவிடும். தங்கச் சுரங்கங்களுக்காக 1894ல் போட்ட பாதை இது. 2001 பிப்ரவரி 28ல் சுரங்கத்தை மூடியாச்சு. இப்போது காலையில் பெங்களூருவுக்கு வேலைக்குப் போகிறவர்களும் இரவில் களைத்துத் திரும்புகிறவர்களும்தான் இதன் பயணிகள்.

இதே ஊர்களுக்கு 1907ல் சென்னையிலிருந்து ஒரு தமிழ் வாரப் பத்திரிகை வர ஆரம்பித்தது. பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. நடத்தியவர் ராயப்பேட்டையில் சித்த வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த 62 வயது பண்டிதர், க. அயோத்திதாசர்.

மக்கள் தொடர்புத் துறையில் இருப்பவர்கள் இன்று அதிகம் கேட்கும் கேள்வி, ட்ரெண்டோடு எப்படி ஓடுவது என்பது. போன வருஷம் வேலை செய்த உத்தி இந்த வருஷம் வேலை செய்யாது. இன்று ரீல்ஸ், நாளைக்கு வேறு ஏதாவது. நான் இதழியல் முதுகலை படித்தபோது இதற்கென்றே ஒரு தனிப் பாடம் இருந்தது. அதில் வந்த உதாரணங்கள் எல்லாமே அமெரிக்கக் கம்பெனிகள். அயோத்திதாசரை அந்தப் பாடத்தில் ஒரு வாரமாவது வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. மனு, மாநாடு, சங்கம், வாரப் பத்திரிகை, தொடர் கட்டுரை என்று அவர் காலத்தில் வந்த ஒவ்வொரு வடிவத்தையும் அவர் எடுத்துப் பார்த்திருக்கிறார். அத்தனையும் கிட்டத்தட்ட ஒரே வேலைக்காக.

அது என்ன வேலை என்று புரிய, அவருடைய பெயரிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

காத்தவராயன் எப்படி அயோத்திதாசர் ஆனார்?

1845 மே 20ல் பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் காத்தவராயன். தனக்குத் தமிழும் வைத்தியமும் கற்றுக்கொடுத்த ஆசிரியர் அயோத்திதாசக் கவிராஜ பண்டிதரின் பெயரைத்தான் பிற்பாடு தன் பெயராக்கிக்கொண்டார்.

தாத்தா கந்தப்பன் ஒரு வெள்ளைக்கார அதிகாரி வீட்டில் பட்லராக இருந்தவர். குடும்பத்தில் பாதுகாத்து வைத்திருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை அவர் கொடுக்க, அது எல்லிஸ் கைக்குப் போனது என்று அயோத்திதாசர் பின்னாளில் எழுதியிருக்கிறார். தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட ஒரு குடும்பத்தில் ஏட்டுச்சுவடி இருந்தது என்பதே அவருக்குப் பெரிய ஆதாரம். நாங்கள் எப்போதும் இப்படி இருந்தவர்கள் இல்லை என்பதற்கான ஆதாரம். அவர் வாழ்க்கை முழுவதும் எழுதியதெல்லாம் இந்த ஒரு புள்ளியைச் சுற்றித்தான்.

இளமைக் காலம் நீலகிரியில். 1870களில் அங்கே அத்வைதானந்த சபை என்று ஒன்றை நடத்தினார். ஆமாம், அத்வைதம்தான். பௌத்தம் பிறகு வந்தது. 1885ல் ஜான் ரத்தினம் என்ற கிறிஸ்தவப் போதகரோடு சேர்ந்து 'திராவிட பாண்டியன்' என்ற இதழில் வேலை செய்தார். திராவிட என்ற சொல்லை அரசியல் பெயராக எடுத்துப் புழங்கிய முதல் ஆட்களில் இவர்கள் இரண்டு பேரும் உண்டு. நீதிக்கட்சி வர இன்னும் முப்பது வருஷம் இருந்தது.

1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தங்கள் மக்களை ஆதித் தமிழர் என்று பதிய வேண்டும் எனக் கோரியதாகவும், 1886ல் இவர்கள் இந்துக்கள் அல்ல என்று அறிவித்ததாகவும் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. ஒரு டேட்டா பத்திரிகையாளராக நான் நின்று பார்க்கும் இடம் இதுதான். இந்தியாவில் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு 1881ல்தான் சீராக ஆரம்பிக்கிறது. அந்த முதல் சுற்றிலேயே, படிவத்தில் எந்தச் சொல்லை எழுதுகிறார்கள் என்பது பின்னால் பெரிய விஷயமாகும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

டவுன் ஹாலில் என்ன நடந்தது?

1891 டிசம்பர் 1ல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். பத்துத் தீர்மானங்கள். சாதிப் பெயரை வசவாகச் சொல்வதைச் சட்டப்படி தடுக்க வேண்டும், கல்வி வேண்டும், அரசு வேலை வேண்டும், பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று போகிறது பட்டியல். இதில் பெயரைப் பற்றிய கோரிக்கை வேலைக்கும் கிணற்றுக்கும் முன்னால் இருக்கிறது. கவனித்தீர்களா?

அடுத்த வருஷம் சென்னை விக்டோரியா டவுன் ஹாலில் சென்னை மகாஜன சபைக் கூட்டம். நீலகிரிப் பிரதிநிதியாக அயோத்திதாசர் போயிருந்தார். விஷ்ணு கோயிலுக்கும் சிவன் கோயிலுக்கும் எங்களை ஏன் விடக்கூடாது என்று கேட்டார். கூட்டமே எழுந்து கூச்சல் போட்டது. உங்களுக்கென்று கொடுத்த சாமிகள் போதும் என்கிற தோரணையில் பதில் வந்தது. அப்படியானால் அந்தச் சாமிகளும் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும் தரிசு நிலமும் கொடுங்கள் என்று கேட்டார். அதைத் தீர்மானமாக ஏற்றுக்கொண்டார்கள்.

இந்தச் சம்பவம் நமக்குத் தெரிவதற்குக் காரணம், அவரே பின்னாளில் தன் பத்திரிகையில் எழுதி வைத்ததுதான். அடுத்தவர் மேடையில் உங்களுக்கு இரண்டு நிமிஷம் கிடைக்கலாம். அந்த இரண்டு நிமிஷத்தை யார் எப்படிப் பதிவு செய்கிறார்கள் என்பது உங்கள் கையில் இருக்காது. அன்றைய பெரிய பத்திரிகைகளான தி இந்து (1878), சுதேசமித்திரன் (1882) இரண்டுமே காங்கிரஸ் வட்டாரத்தின் கையில் இருந்தன.

1898ல் கர்னல் ஆல்காட்டின் உதவியோடு இலங்கைக்குப் போய், சுமங்கல நாயக்க தேரரிடம் பௌத்த தீட்சை பெற்றார். திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம். இதற்குள் அவருக்கு 53 வயது. ரிடையர்மென்ட் பற்றி யோசிக்கிற வயதில் புது வேலை ஒன்றை ஆரம்பித்திருக்கிறார்.

மைத்துனர் ஏற்கெனவே பத்திரிகை நடத்தினார்

இங்கே ஒரு குடும்பக் கதையும் இருக்கு. அயோத்திதாசரின் மனைவி தனலட்சுமி, இரட்டைமலை சீனிவாசனின் சகோதரி. 1893ல் சீனிவாசன் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். அதற்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். வசவாகப் பயன்படும் சொல்லைத் தலைநிமிர்ந்து நானே சொல்லிக்கொள்கிறேன் என்பது அவருடைய வாதம். அயோத்திதாசருக்கு இது பிடிக்கவே இல்லை. எதிரி வைத்த பெயரைச் சுமக்க மாட்டேன், என் பெயரை நானே சொல்வேன் என்பது இவருடைய நிலை.

இகழ்ச்சிச் சொல்லை எடுத்து அணிந்துகொள்வதா, தூக்கி எறிவதா? உலகம் முழுக்க ஒடுக்கப்பட்ட சமூகங்களின் பிரசாரங்களில் இன்று வரைக்கும் தீராத சண்டை இது. இங்கே அது ஒரே வீட்டுக்குள் நடந்திருக்கிறது. இரண்டில் எது சரி என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. இரட்டைமலை சீனிவாசன் அம்பேத்கரோடு வட்டமேஜை மாநாடு வரைக்கும் போனார். அயோத்திதாசரின் திராவிடர், ஆதி என்கிற சொற்கள் அரசு ஆணைகள் வரைக்கும் போயின.

ஒரு பைசாவின் கணக்கு

1907 ஜூன் 19, புதன்கிழமை. 'ஒரு பைசாத் தமிழன்' முதல் இதழ் வெளியானது. நான்கு பக்கம். விலை பெயரிலேயே இருக்கிறது.

ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு நான்கு பைசா. அப்போ வருஷம் 52 இதழுக்கும் சேர்த்து 52 பைசா, அதாவது 13 அணா. ஒரு ரூபாய்கூட ஆகாது. விலையையே பெயராக வைத்தது சாமர்த்தியம். இது யாருக்கான பத்திரிகை என்று கேட்கவே வேண்டாம். கூலித் தொழிலாளி, ரயில்வே ஊழியர், பட்டாளத்துச் சமையல்காரர், பள்ளிக்கூட வாத்தியார் யாருக்கும் அது எட்டும்.

சுமார் 14 மாசம் கழித்து, 1908 ஆகஸ்ட் 26 இதழிலிருந்து பெயர் வெறும் 'தமிழன்' ஆனது. வாசகர்கள் கேட்டார்கள், மாற்றினார். மலிவு என்பது ஆளைச் சேர்க்க உதவியது. ஆள் சேர்ந்த பிறகு, எங்கள் பத்திரிகையின் பெயரில் பைசா எதற்கு என்று வாசகர்களுக்குத் தோன்றியிருக்கும் போல. பிராண்டின் பெயரை வாசகர் சொல்லி மாற்றுவது இன்றைக்கும் அபூர்வம்தான்.

ஆனால் எத்தனை பேருக்குப் படிக்கத் தெரியும்? 1911 கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதும் எழுத்தறிவு சுமார் 6%. ஒடுக்கப்பட்ட சாதிகளில் அதைவிட மிகக் குறைவு. இந்தக் கணக்கைப் போட்டால் அந்தப் பத்திரிகை பிழைத்திருக்கவே முடியாது.

பிழைத்தது. காரணம், அன்றைய வாசிப்பு தனி ஆள் வேலை இல்லை. ஒருத்தர் வாய்விட்டுப் படிக்க, சுற்றிப் பத்துப் பேர் கேட்பார்கள். இன்று நாம் ஷேர் என்று சொல்வதற்கு அன்றைய வடிவம் இது. அச்சடித்த பிரதி எத்தனை என்பதும், கேட்டவர் எத்தனை பேர் என்பதும் வேறு வேறு எண்கள். அச்சு எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு பத்திரிகையின் வீச்சை அளக்கிற ஆய்வுகள் இந்த இடத்தில் தவறிவிடுகின்றன.

ஏன் தங்கவயல்?

'தமிழன்' பத்திரிகைக்கும் சாக்கிய பௌத்த சங்கத்துக்கும் பெங்களூரு, ஹூப்ளி, ரங்கூன், தென்னாப்பிரிக்காவின் டர்பன் வரைக்கும் தொடர்புகள் இருந்தன. ஆனால் பலமான கோட்டை கோலார் தங்கவயல். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் இருந்த கிளைகள்தான் சங்கத்தின் உயிர்ப்பான கிளைகள். பத்திரிகைக்குப் பணம் தேவைப்பட்டபோது கைகொடுத்தவர்களும் இந்த வயல் மக்கள்தான்.

சென்னையைவிட இங்கே ஏன் அதிகம் ஒட்டியது?

1880களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்தில் சுரங்கங்கள் வளர ஆரம்பித்தன. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க் எல்லாமே தனித்தனிக் கம்பெனிகள். வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலானவர்கள் ஊரில் பண்ணையாள்களாக இருந்த குடும்பத்தினர். மூங்கில் தட்டி அடைத்த குடிசைகளில், கம்பெனி கட்டிய லைன்களில் வாழ்க்கை. கீழே இறங்கினால் திரும்பி வருவது நிச்சயமில்லை. பாறை வெடிப்பு, சிலிக்கா தூசி, நுரையீரல் நோய். சாம்பியன் ரீஃப் கடைசியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது.

கஷ்டம்தான். ஆனால் மூன்று விஷயம் புதுசு. சம்பளம் நெல்லாக இல்லாமல் காசாக வந்தது. ஊர்க் கட்டுப்பாடு, மிராசுதார் கண், இரண்டும் இங்கே இல்லை. ரயிலும் தபாலும் வாசலுக்கே வந்தன. 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் வந்தபோது, பெங்களூரு நகரத்துக்கே இன்னும் மின்விளக்கு வந்திருக்கவில்லை. கையில் காசு, கேட்க நேரம், தடுக்க ஆளில்லாத ஒரு தெரு. ஒரு புதுக் கருத்து வேர்விட இது போதும்.

ஊரிலே எந்தப் பெயரால் கூப்பிட்டார்களோ, அந்தப் பெயரைச் சொல்லாமலே வாழ்கிற வாய்ப்பு முதல்முறையாகக் கிடைத்த மக்களிடம், உங்கள் பெயர் உண்மையில் வேறு என்று ஒரு பத்திரிகை வாராவாரம் சொன்னால் அவர்கள் காது கொடுத்துக் கேட்க மாட்டார்களா?

ட்ரெண்டில் இருந்ததை என்ன செய்தார்?

1907ல் நாடு முழுக்க ட்ரெண்டிங் சுதேசி இயக்கம். பாரதியார் 'இந்தியா' வார இதழில் அனல் பறக்க எழுதிக்கொண்டிருந்த நேரம். 1908ல் வ.உ.சி. கைது, திருநெல்வேலியில் கலவரம். இந்த அலையை அயோத்திதாசர் ஒதுக்கவும் இல்லை, அதில் ஏறிக்கொள்ளவும் இல்லை. அதையே தலைப்பாக எடுத்துக்கொண்டு தன் கேள்வியை உள்ளே வைத்தார். சுதேசம் என்றால் யாருடைய தேசம்? சொந்த ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதவர்கள் சுயராஜ்யம் கேட்டால், அந்த ராஜ்யத்தில் எங்களுக்கு என்ன இடம்?

இப்போது இதற்கு நியூஸ்ஜாக்கிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஊரே பேசுகிற செய்தியோடு உங்கள் செய்தியை ஏற்றி அனுப்புவது.

பண்டிகைகளையும் அப்படித்தான் கையாண்டார். தீபாவளி வந்தால் தீபாவளி பற்றி எழுதுவார். ஆனால் நரகாசுரன் கதை அதில் இருக்காது. பௌத்த மடங்களில் எள்ளிலிருந்து எண்ணெய் எடுக்கக் கண்டுபிடித்த நாளை, எண்ணெய் தேய்த்துக் குளித்துக் கொண்டாடியதுதான் தீபாவளி என்பார். கார்த்திகை தீபத்துக்கும் சங்கராந்திக்கும் இதேபோல் பௌத்த விளக்கம். பண்டிகையை விட்டுவிடு என்று சொல்லவில்லை. கொண்டாடு, ஆனால் இதுதான் காரணம் என்றார். நம்பிக்கையைப் பிடுங்காமல் கதையை மட்டும் மாற்றுகிற இந்த உத்தி நாத்திகப் பிரசாரத்தைவிட எளிதாக வீட்டுக்குள் போகும்.

இந்த விளக்கங்கள் வரலாறாக நிற்குமா? நேர்மையாகச் சொன்னால், பல நிற்காது. அவருடைய சொல்லாராய்ச்சியில் ஒலி ஒற்றுமையை வைத்தே ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லுக்குத் தாவுகிற இடங்கள் நிறைய. 'இந்திரர் தேச சரித்திரம்' தொடரை இன்றைய வரலாற்று மாணவர் அப்படியே ஏற்க முடியாது. ஆனால் எதிர்ப்பக்கம் இருந்ததும் புராணம்தான். வரலாறு எழுதும் உரிமையையே மறுத்த ஒரு சமூகத்தைப் பார்த்து, எங்களிடமும் ஒரு வரலாறு இருக்கிறது என்று வாராவாரம் சொல்வது சின்ன விஷயம் இல்லை.

கூடவே வாசகர் கேள்விக்குப் பதில் சொல்கிற வழக்கமும் இருந்தது. கேள்வி வரும், பதில் வரும், அந்தப் பதிலில் இன்னொரு கேள்வி கிளம்பும். தொடர் கட்டுரைகள் வருஷக்கணக்கில் ஓடின. திருக்குறளுக்கு உரை எழுதத் தொடங்கி, முடிக்காமலே போய்ச் சேர்ந்தார்.

1911: ஒரு கட்டத்தில் என்ன எழுதுவது?

இத்தனை உத்திகளும் போய்ச் சேர்ந்த இடம் 1911 மார்ச் 10 இரவு. அன்றுதான் இந்தியா முழுவதும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1909ல் மிண்டோ-மார்லி சீர்திருத்தம் வந்து முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதிகள் கிடைத்தன. எத்தனை தலை என்பது எத்தனை இடம் என்று மாறியது. அப்போது ஒரு கேள்வி எழுந்தது. கோயிலுக்குள் விடாத மக்களை இந்துக்கள் கணக்கில் சேர்க்கலாமா? கணக்கெடுப்பு ஆணையர் கெய்ட் 1910ல் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். எந்தெந்தச் சாதிகளுக்குப் பிராமணர் சடங்கு செய்வதில்லை, எந்தெந்தச் சாதிகளைக் கோயிலுக்குள் விடுவதில்லை என்று விவரம் கேட்டார். நாடு முழுக்கப் பெரிய சர்ச்சை. அதுவரை ஒதுக்கி வைத்திருந்தவர்கள் திடீரென்று நீங்களும் எங்கள் ஆட்கள்தான் என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

'தமிழன்' இந்தச் சர்ச்சைக்குள் நேராக இறங்கியது. கணக்கெடுப்பாளர் வந்தால் மதம் என்ற கட்டத்தில் பௌத்தம் என்று சொல்லுங்கள், சாதி கேட்டால் சாதி பேதமற்ற திராவிடர் என்று சொல்லுங்கள். இதுதான் செய்தி. மொழி எளிமை, செயல் ஒன்று, தேதி குறிச்சாச்சு. எந்தப் பிரசார நிபுணரும் இதைவிடத் தெளிவாகக் கேட்க முடியாது.

சிக்கல் எங்கே என்றால், பென்சில் மக்கள் கையில் இல்லை. கணக்கெடுப்பாளர் கையில் இருந்தது. அவர் பெரும்பாலும் உள்ளூர்க் கணக்கரோ வாத்தியாரோ, அதாவது வேறு சாதிக்காரர். வீட்டுக்காரர் ஒன்று சொல்ல, அவர் தனக்குத் தெரிந்ததை எழுதலாம். எழுதியதைச் சரிபார்க்க வீட்டுக்காரருக்குப் படிக்கத் தெரிய வேண்டும். பிரசாரம் வாசகரிடம் போய்ச் சேர்ந்தது. வாசகர் சொன்னது படிவத்தில் போய்ச் சேர்வது வேறு கதை.

எங்கே சறுக்கினார்?

அயோத்திதாசரைப் பாராட்டி எழுதுகிற பல கட்டுரைகள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். தன் மக்களை இழிவு செய்யாதே என்று போராடிய அவர், வேறு சில சாதிகளைப் பற்றி இழிவாகவே எழுதியிருக்கிறார். பூர்வ பௌத்தர்களான நாங்கள் சூழ்ச்சியால் தாழ்த்தப்பட்டவர்கள், ஆனால் அவர்கள் இயல்பிலேயே தாழ்ந்தவர்கள், எங்களையும் அவர்களையும் ஒரே பட்டியலில் சேர்க்காதே என்கிற தொனி. அருந்ததியர் தரப்பிலிருந்து இதற்குக் கடுமையான விமர்சனம் உண்டு. அந்த விமர்சனம் நியாயமானது. அவர் காலம் அப்படி என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. சாதி பேதமற்ற என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தவரே அவர்தானே.

பிரிட்டிஷ் அரசை அளவுக்கு மீறி நம்பினார் என்ற விமர்சனமும் இருக்கிறது. அது விவாதத்துக்குரியது. முதலாவது அப்படி இல்லை.

பத்திரிகை செத்த பிறகு

1914 மே 5ல் அயோத்திதாசர் இறந்தார். மகன் பட்டாபிராமன் கொஞ்ச காலம் 'தமிழன்' பத்திரிகையை நடத்தினார். பிறகு அது நின்றது. நடத்தியவரோடு சேர்ந்து காணாமல் போன ஆயிரம் பத்திரிகைகளில் இதுவும் ஒன்றாகியிருக்க வேண்டியது.

1926ல் 'தமிழன்' மறுபடி வந்தது. இந்த முறை சென்னையிலிருந்து அல்ல. சாம்பியன் ரீஃப்ஸிலிருந்து. ஆசிரியர் தங்கவயல்காரரான ஜி. அப்பாதுரையார். வாசகர்களாக இருந்தவர்களே பத்திரிகை நடத்துகிறவர்களாக மாறியிருந்தார்கள். 1930கள் வரை அது வந்தது. சாம்பியன் ரீஃப்ஸ் சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் தொடர்களை நூலாக்கி வெளியிட்டது. சென்னையின் பெரிய பதிப்பகங்களுக்கு அவர் நினைவில் இல்லாத காலம் அது.

இடையில் 1930ல் சுரங்கத்தில் நடந்த ஒன்றையும் சொல்லணும். தொழிலாளர்கள் எல்லோரும் கைரேகை வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று கம்பெனிகள் உத்தரவு போட்டன. ஆயிரக்கணக்கானவர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். கைரேகை திருடர்களிடம் வாங்குவது, நாங்கள் திருடர்களா என்பது அவர்கள் கோபம். தங்களை யார், எப்படி, எந்தப் பெயரில் பதிவு செய்வது என்பதில் இந்த ஊருக்கு ஏற்கெனவே ஒரு பயிற்சி இருந்தது என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகம் மட்டுமே.

தமிழ்நாட்டுப் பொதுவெளிக்கு அயோத்திதாசர் திரும்பி வர 1999 ஆகிவிட்டது. பழைய இதழ்களைப் பல பத்தாண்டுகள் பாதுகாத்தவர் அன்பு பொன்னோவியம். அவற்றைத் தொகுத்தவர் ஞான. அலாய்சியஸ். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்று வெளியிட்டது. இறந்து 85 வருஷம் கழித்து. 2005ல் அஞ்சல் தலை, 2023ல் சென்னை கிண்டியில் மணிமண்டபம்.

இன்றைய ட்ரெண்டுகளின் ஆயுளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து வருஷத்துக்கு முன் நீங்கள் போட்ட பதிவு இப்போது எங்கே இருக்கு? அந்தத் தளம் இருக்கிறதா? 'தமிழன்' பிழைத்தது அச்சின் தரத்தால் இல்லை. தட்டி வீட்டு டிரங்குப் பெட்டியில் யாரோ அதைக் கட்டி வைத்தார்கள், பெயரனுக்குப் படித்துக் காட்டினார்கள், கையிலிருந்து காசு போட்டு மறுபடி அச்சடித்தார்கள்.

ஊரிகத்துக்கு மறுபடி படிவம் வருகிறது

பெயர் விவகாரம் இன்னும் முடியவில்லை. 1922ல் சென்னை மாகாண அரசு பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதில் ஆதி திராவிடர் என்று எழுத ஆணையிட்டது. கர்நாடகத்திலும் ஆதி திராவிடர், ஆதி கர்நாடகர், ஆதி ஆந்திரர் மூன்றும் பட்டியல் சாதிப் பெயர்களாக நிலைத்தன. தங்கவயல் தமிழர்களில் பலருடைய சான்றிதழில் இருப்பது ஆதி திராவிடர்தான்.

2025ல் அந்தப் பெயரே சிக்கலானது. பட்டியல் சாதிகளுக்கான 17% இட ஒதுக்கீட்டை உள்பிரிவு செய்ய, நீதிபதி நாகமோகன் தாஸ் ஆணையம் மே மாதம் வீடு வீடாகக் கணக்கெடுத்தது. ஆதி என்று மட்டும் சொன்னால் போதாது, உள்சாதி என்ன என்று கேட்டார்கள். சொல்லாதவர்களுக்கு என்று தனியாக 1% பரிந்துரைத்தது ஆணையம். ஆகஸ்டில் அரசு அந்தப் பிரிவை விட்டுவிட்டு, 6, 6, 5 என்று மூன்று பிரிவாக முடிவு செய்தது. சாதிப் பெயரை மறைக்கவென்றே எடுத்துக்கொண்ட ஒரு சொல், நூறு வருஷம் கழித்து, அப்படியானால் உன் சாதி என்ன என்ற கேள்வியில் வந்து நிற்கிறது.

அடுத்தது 2027 கணக்கெடுப்பு. மார்ச் 1 குறிப்புத் தேதி. 1931க்குப் பிறகு முதல் தடவையாக எல்லாச் சாதிகளையும் எண்ணப் போகிறார்கள். மதம் என்ற கட்டமும் உண்டு. பௌத்தம் என்று எழுதினால் பட்டியல் சாதித் தகுதி போய்விடுமா என்று பலர் பயப்படுகிறார்கள். போகாது. 1990ல் சட்டம் திருத்தப்பட்டு, பௌத்தர்களும் பட்டியல் சாதியினராகத் தொடரலாம் என்று ஆகிவிட்டது.

இந்தத் தடவை கணக்கெடுப்பு மொபைலில். வீட்டுக்காரரே இணையத்தில் விவரத்தைப் பதிவு செய்துகொள்ளவும் வசதி இருக்கிறது. 1911ல் கணக்கரிடம் இருந்த பென்சில், ஊரிகத்தில் பெங்களூரு ரயிலுக்குக் காத்திருக்கிறவரின் கையில் இருக்கும்.